வீட்டு கம்ப்யூட்டர் வேகமா ஓடணுமா? எந்த டிஸ்க்கை வாங்கி எங்க மாட்டி எதை எதுல வைக்கணும்

கம்ப்யூட்டர ஆன் பண்ணி டெஸ்க்டாப் வந்தாச்சு, ஆனா அந்த சின்ன வட்டம் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு, மவுஸ் நகருது, கிளிக் பண்ணா ஒண்ணும் ஆகல, கேபினட்டுக்குள்ள இருந்து கரக் கரக்னு சத்தம் மட்டும் வருது. உடனே ராம் பத்தலன்னு சிலர் சொல்வாங்க, பிராசசர் பழசாயிடுச்சுன்னு சிலர் சொல்வாங்க. காசை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம் பாருங்க. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தினா டாஸ்க் மேனேஜர் வரும், அதுல பெர்ஃபாமன்ஸ் பக்கத்துக்குப் போங்க. சிபியு 10, 15 சதவீதத்துல சும்மா உக்காந்திருக்கு, டிஸ்க் மட்டும் 100ல நிக்குதுன்னா, உங்க மெஷின்ல இருக்கற அத்தனை பேரும் டிஸ்க் பதில் சொல்லட்டும்னு காத்துக்கிட்டு இருக்காங்கன்னு அர்த்தம். ஆனா மெமரியும் 90க்கு மேல போயி டிஸ்க்கும் 100ல நின்னா கதை வேற, ராம் இடம் பத்தாம விண்டோஸ் டிஸ்க்கை ராம் மாதிரி பயன்படுத்திக்கிட்டு இருக்கு, அப்ப மொதல்ல ராம் போடுங்க, அப்புறம் இங்க வாங்க.

டிஸ்க்தான் பிரச்சனைன்னு தெரிஞ்சதும் எல்லாரும் பண்ற தப்பு, பெட்டி மேல போட்டிருக்கற செகண்டுக்கு இத்தன எம்பிங்கற கணக்க பாத்து "எது பெருசு"ன்னு தேடறது. அந்த எண் பொய் இல்ல, ஆனா நீங்க தினமும் காத்திருக்கறது அந்த எண்ணால இல்ல. ஒரு சின்ன கணக்கு போட்டு காட்டறேன், இது புரிஞ்சா மீதி எல்லாம் தானா புரிஞ்சிடும்.

சாதா ஹார்ட் டிஸ்க் ஒரு தட்டு, அது நிமிஷத்துக்கு 7200 தடவ சுத்துது. அப்படின்னா ஒரு சுத்துக்கு 8.3 மில்லிசெகண்ட். நமக்கு வேண்டிய இடம் ஹெட்டுக்கு, அதாவது தட்டுல இருந்து தகவல படிக்கற முனைக்கு, கீழ வர்றதுக்கு சராசரியா அரை சுத்து, அதாவது 4 மில்லிசெகண்ட் சொச்சம். அதுக்கு முன்னாடி ஹெட் சரியான வளையத்துக்கு நகரணும், அது ஒரு 8, 9 மில்லிசெகண்ட். ஆக ஒரு துண்டை எடுக்க ஏறக்குறைய 12, 13 மில்லிசெகண்ட், செகண்டுக்கு 80 துண்டு. ஒவ்வொரு துண்டும் 4 கேபின்னு வச்சா செகண்டுக்கு 320 கேபி! எம்பி இல்ல, கேபி. அதே டிஸ்க்ல ஒரு பெரிய வீடியோவ வரிசையா படிச்சா செகண்டுக்கு 200 எம்பி வரும். விண்டோஸ் ஆன் ஆகும்போதும் பிரௌசர் திறக்கும்போதும் நடக்கறது முதல் வகை வேலை, அங்கொண்ணு இங்கொண்ணா ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள். அதனாலதான் 200 எம்பி டிஸ்க்கும் ஆமையா நகருது. எஸ்எஸ்டிங்கறது தட்டுக்குப் பதிலா சிப்ல தகவல வைக்கற டிஸ்க், அதுல நகர்ற பாகமே கிடையாது, ஒரு துண்டுக்கு 0.1 மில்லிசெகண்ட் அளவுதான் ஆகும்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. 1956ல ஐபிஎம் கொண்டு வந்த முதல் ஹார்ட் டிஸ்க்ல 24 இன்ச் அகலத்துல 50 தட்டு, மொத்தமே 50 லட்சம் எழுத்துதான் கொள்ளும், ஒரு தகவலைத் தேடி எடுக்க 600 மில்லிசெகண்ட் ஆச்சு. இன்னிக்கு 20 டிபி டிஸ்க் கிடைக்குது, கொள்ளளவு பல லட்சம் மடங்கு ஏறிடுச்சு, ஆனா தேடற நேரம் 600ல இருந்து 12க்கு வந்திருக்கு, வெறும் 50 மடங்கு. இரும்பை அசைக்கணும்ல, அதுக்கு மேல முடியாது.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் படி: கடைக்கு முன்னாடி கணக்கு

ஒரு பேப்பர் எடுத்து ரெண்டு விஷயம் எழுதுங்க. உங்ககிட்ட இப்ப எவ்வளவு டேட்டா இருக்கு, அதுல எது தினமும் திறக்கறது, எது சும்மா கிடக்கறது. விண்டோஸ், சாஃப்ட்வேர், விளையாடற கேம், இப்ப வேலை நடக்கற ஃபைல்கள் எல்லாம் முதல் கூட்டம். பழைய போட்டோ, வீடியோ, படம், இன்ஸ்டால் பண்ற செட்டப் ஃபைல்கள் ரெண்டாவது கூட்டம். முதல் கூட்டம் பெரும்பாலும் 200ல இருந்து 500 ஜிபிக்குள்ள அடங்கிடும், கேம் ஆடறவங்களுக்கு மட்டும் இது டப்புனு எகிறும், ஏன்னா ஒரே கேம் 100 ஜிபிக்கு மேல எடுக்கறது இப்ப சாதாரணம்.

ரெண்டாவது விஷயம், உங்க மதர்போர்டுல என்ன இடம் இருக்குன்னு. இத யூகிக்காதீங்க, மாடல் பேர வச்சு மேனுவல இறக்கி ஸ்டோரேஜ் பகுதிய மட்டும் படிங்க. அதுல பாக்க வேண்டியது: எம்.2 ஸ்லாட் (சின்ன கார்டு மாதிரி இருக்கற எஸ்எஸ்டிய சொருகற இடம்) இருக்கா, எத்தன, அது சாட்டா எஸ்எஸ்டிய (டிஸ்க்கை இணைக்கற பழைய வழி) ஏத்துக்குமா என்விஎம்இய (அதவிட வேகமான புது வழி) ஏத்துக்குமா ரெண்டையுமா, சாட்டா போர்ட் எத்தன. இன்னொரு முக்கியமான வரி பொடி எழுத்துல இருக்கும், "இந்த எம்.2 ஸ்லாட்ட பயன்படுத்தினா சாட்டா 5, 6 வேலை செய்யாது"ன்னு. நிறைய போர்டுல இப்படித்தான், ரெண்டும் ஒரே பாதைய பங்கு போட்டுக்கும். இது தெரியாம புது எஸ்எஸ்டிய மாட்டினதும் பழைய டிஸ்க் காணாம போச்சு, செத்துப் போச்சுன்னு அழுதவங்க உண்டு. வேற போர்ட்ல மாத்தி சொருகினா உயிரோட வந்துடும்.

எம்.2ங்கறது வெறும் வடிவத்தோட பேரு, வேகத்தோட பேரு இல்ல. இந்த குழப்பத்துல விழாதவங்க கம்மி. பாக்க சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கற அந்த சின்ன கார்டு உள்ளுக்குள்ள சாட்டாவாவும் இருக்கலாம், என்விஎம்இயாவும் இருக்கலாம். சொருகற பக்கம் ரெண்டு வெட்டு இருந்தா பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு இருந்தா பெரும்பாலும் என்விஎம்இ, ஆனா இத மட்டும் நம்பாம பெட்டில என்ன போட்டிருக்குன்னு படிங்க. மேல 2280ன்னு ஒரு எண் இருக்கும், 22 மில்லிமீட்டர் அகலம் 80 மில்லிமீட்டர் நீளம்னு அர்த்தம், டெஸ்க்டாப்ல பெரும்பாலும் இந்த சைஸ்தான் போகும், சில லேப்டாப்ல மட்டும் அதவிட குட்டியா கேக்கும்.

ரெண்டாம் படி: சிஸ்டம் டிஸ்க்

இதுல யோசிக்கவே வேணாம், எஸ்எஸ்டிதான். எந்த எஸ்எஸ்டிங்கறதுலதான் பேச்சு.

சாட்டா எஸ்எஸ்டி செகண்டுக்கு அதிகபட்சம் 550 எம்பி, அதுக்கு மேல அந்த கேபிளே விடாது. என்விஎம்இன்னா அது ஓடற பாதையான பிசிஐஇயோட தலைமுறைய பொறுத்தது, பிசிஐஇ 3ல 3500 வரைக்கும், 4ல 7000 வரைக்கும், 5ல 14000 வரைக்கும் கூட போகுது. இந்த எண்கள பாத்தா 550 எல்லாம் பரிதாபமா தெரியும். ஆனா மேல போட்ட கணக்க ஞாபகம் வச்சுக்கோங்க, சின்ன துண்டுகள ஒவ்வொண்ணா படிக்கறப்ப சாட்டா எஸ்எஸ்டி 30, 40 எம்பி தரும், நல்ல என்விஎம்இ 60ல இருந்து 90 வரைக்கும் தரும். வித்தியாசம் ரெண்டு மடங்கு, இருபது மடங்கு இல்ல. ஹார்ட் டிஸ்க்ல அதே வேலைக்கு ஒரு எம்பி கூட வராது. அதாவது ஹார்ட் டிஸ்க்ல இருந்து எந்த எஸ்எஸ்டிக்கு மாறினாலும் வேற கம்ப்யூட்டர் வாங்கின மாதிரி இருக்கும், எஸ்எஸ்டில இருந்து அதவிட வேகமான எஸ்எஸ்டிக்கு மாறினா கையில ஸ்டாப்வாட்ச் இருந்தாத்தான் தெரியும். பெரிய பெரிய வீடியோவ எடிட் பண்றவங்க, தினமும் 50, 100 ஜிபி அங்கயும் இங்கயும் காப்பி அடிக்கறவங்க விதிவிலக்கு. மத்தவங்களுக்கு விரலுக்கேத்த வீக்கம் போதும், பிசிஐஇ 5 எஸ்எஸ்டி வாங்கி அது சூட்டுல கொதிக்க அதுக்கு தனியா ஒரு ஃபேன் வைக்கற வேலையெல்லாம் தேவையே இல்ல, அந்த காசுல இன்னும் பெரிய சைஸ் வாங்குங்க.

எம்.2 ஸ்லாட்டே இல்லாத பழைய மெஷின்? 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி வாங்கி மாட்டுங்க, பழைய போர்டுல போர்ட் வேகம் பாதியா இருந்தாலும் பரவாயில்ல, காத்திருக்கற நேரம் குறையறதுதான் நமக்கு லாபம். பிசிஐஇ ஸ்லாட்ல அடாப்டர் கார்டு போட்டு என்விஎம்இ மாட்டலாம்னு சிலர் சொல்வாங்க, மாட்டலாம்தான், ஆனா ரொம்ப பழைய பயாஸுக்கு, அதாவது ஆன் பண்ணதும் மொதல்ல ஓடற மதர்போர்டு புரோகிராமுக்கு, அதுல இருந்து பூட் ஆகத் தெரியாது, டேட்டா டிஸ்க்கா மட்டும்தான் உதவும்.

வாங்கும்போது பாக்க வேண்டிய மூணு விஷயத்த மட்டும் சொல்றேன். ஒண்ணு டிஎல்சியா க்யூஎல்சியா. ஒரு செல்லுக்குள்ள 3 பிட் அடைச்சா டிஎல்சி, 4 பிட் அடைச்சா க்யூஎல்சி. அடைக்க அடைக்க எழுதற வேகம் குறையும். அத மறைக்க கிட்டத்தட்ட எல்லா எஸ்எஸ்டிலயும் ஒரு பகுதிய வேகமான தற்காலிக இடமா வச்சிருப்பாங்க, அது நிறையற வரைக்கும் ஜோரா போகும், நிறைஞ்சதும் உண்மையான வேகம் வெளிய வரும், சில க்யூஎல்சி மாடல் அந்த நேரத்துல ஹார்ட் டிஸ்க்கை விட கீழ போயிடும். அதுக்கும் மேல, டிஸ்க் நிறைய நிறைய இந்த தற்காலிக இடமும் சுருங்கும். சிஸ்டம் டிஸ்க்குக்கு டிஎல்சி எடுங்க, கேம் மட்டும் போட்டு வைக்க க்யூஎல்சி தப்பில்ல, ஏன்னா கேமை ஒரு தடவ எழுதி நூறு தடவ படிக்கறோம்.

ரெண்டு, டிராம் இருக்கா இல்லையா. எந்த தகவல் எந்த செல்லுல இருக்குன்னு ஒரு வரைபடம் எஸ்எஸ்டிக்கு வேணும், அத வச்சுக்கற சின்ன மெமரிதான் டிராம். என்விஎம்இல டிராம் இல்லாட்டியும் கம்ப்யூட்டரோட ராம்ல இருந்து கொஞ்சம் கடன் வாங்கி சமாளிச்சுக்கும், அதனால அங்க பெரிய குறை தெரியாது. சாட்டாவுல அந்த கடன் வசதி கிடையாது, அதனால சாட்டா எஸ்எஸ்டி வாங்கினா டிராம் இருக்கறதா பாத்து வாங்குங்க.

மூணாவது ஆயுசு, மொத்தம் எத்தன டிபி எழுதலாம்ங்கறத டிபிடபிள்யூன்னு போட்டிருப்பாங்க, இத வச்சு பயமுறுத்தறவங்க நிறைய, அதனால ஒரு கணக்கு. 1 டிபி டிஎல்சி எஸ்எஸ்டிக்கு 600 டிபி எழுதலாம்னு உத்தரவாதம் கொடுக்கறது சாதாரணம். நீங்க தினமும் 30 ஜிபி எழுதினாலும் வருஷத்துக்கு 11 டிபிதான், 600 தீர 50 வருஷத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள வேற ஏதாவது ஒரு பாகம் போயிருக்கும், இல்ல நமக்கே போரடிச்சிருக்கும்.

சைஸ் விஷயத்துல, 256 ஜிபி வாங்காதீங்க. விண்டோஸ், அதோட அப்டேட், பேஜ் ஃபைல் (ராம் பத்தாதப்ப விண்டோஸ் டிஸ்க்ல பயன்படுத்தற இடம்), ரெண்டு மூணு சாஃப்ட்வேர், அவ்வளவுதான் சிவப்பு கோடு வந்துடும், அப்புறம் வாரா வாரம் எதை அழிக்கலாம்னு உக்காந்து பாக்கணும். 500 குறைஞ்சபட்சம், 1 டிபி நிம்மதி. வாங்கி மாட்டினதும் 1 டிபி போட்டிருந்தது 931ன்னு காட்டுதே, ஏமாத்திட்டாங்கன்னு சண்டைக்கு போகாதீங்க, கம்பெனிக்காரங்க ஆயிரம் ஆயிரமா எண்றாங்க, விண்டோஸ் 1024 கணக்குல எண்ணுது, இடம் அதே இடம்தான்.

மூணாம் படி: பெரிய கிடங்கு

ரெண்டாவது கூட்டத்துக்கு, அதாவது சும்மா கிடக்கற டேட்டாவுக்கு, இன்னமும் ஹார்ட் டிஸ்க் நல்ல சாய்ஸ்தான். ஒரு படத்த ஓட்ட செகண்டுக்கு சில எம்பி போதும், அதுக்கு எஸ்எஸ்டி எதுக்கு. டேட்டா மொத்தமே 1 டிபிக்குள்ளன்னா ஹார்ட் டிஸ்க்கே வேணாம், பெரிய எஸ்எஸ்டி ஒண்ணு வாங்கிட்டு சத்தமில்லாம இருங்க, அது வேற சுகம்.

ஹார்ட் டிஸ்க் வாங்கறதா இருந்தா 5400ஆ 7200ஆங்கறது ரெண்டாம்பட்சம், சிஎம்ஆரா எஸ்எம்ஆராங்கறத மொதல்ல பாருங்க. சிஎம்ஆர்ல தகவல் வளையங்கள் தனித்தனியா இருக்கும், எஸ்எம்ஆர்ல அந்த வளையங்கள கூரையில ஓடு அடுக்கின மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறினாப்ல எழுதுவாங்க, இடம் மிச்சம், ஆனா நடுவுல ஒரு ஓட்ட மாத்தணும்னா பக்கத்து ஓட்டையும் எடுத்து திரும்ப அடுக்கணும். ஒரு தடவ எழுதிட்டு விட்டுடற பேக்கப்புக்கு சரி, அடிக்கடி அழிச்சு எழுதற வேலைக்கு எரிச்சலாயிடும், காப்பி ஆரம்பத்துல 180ல போயி அப்புறம் 20, 30ன்னு தவழும். பெட்டில இத போடமாட்டாங்க, கம்பெனி வெப்சைட்ல அந்த மாடல் நம்பர போட்டு ஸ்பெக் ஷீட்ட பாக்கணும்.

இன்னொரு சின்ன விஷயம். தட்டோட வெளி ஓரத்துல ஒரு சுத்துக்கு நிறைய தகவல் ஓடும், உள் ஓரத்துல கம்மி, அதனால அதே டிஸ்க்ல ஆரம்பத்துல 200 எம்பி வந்தா கடைசில 100தான் வரும். முதல்ல போடற பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கை பிரிச்சு வைக்கற முதல் பகுதி, வெளி ஓரத்துல உக்காரும். அதனால வேகம் வேணும்ங்கறத முதல் பார்ட்டிஷன்ல வைங்க.

பார்ட்டிஷன்னு சொன்னதும் ஞாபகம் வருது, ஒரே ஹார்ட் டிஸ்க்கை சி, டி, இ, எஃப்னு நாலா வெட்டினா வேகமாகும்னு ஒரு நம்பிக்கை ரொம்ப வருஷமா இருக்கு. ஆகாது. நாலு அறைக்கும் வேலைக்காரன் ஒருத்தன்தான், அந்த ஒரே ஹெட். சில பேர் பேஜ் ஃபைல தூக்கி டிக்கு மாத்துவாங்க, அது அதே டிஸ்க்ல இருந்தா ஹெட் இந்த கோடிக்கும் அந்த கோடிக்கும் ஓடி இன்னும் மோசமாகும். எஸ்எஸ்டி இருக்கறவங்க பேஜ் ஃபைல தொடவே வேணாம், சி டிரைவ்லயே இருக்கட்டும்.

ரெண்டு டிஸ்க்கை ரெய்டு 0ல சேர்த்து ஒண்ணாக்கலாமான்னு ஒரு ஆசை எல்லாருக்கும் ஒரு தடவ வரும், எனக்கும் வந்துச்சு. பெரிய ஃபைல் படிக்கற வேகம் இரட்டிக்கும், ஆனா சின்ன துண்டுக்கு காத்திருக்கற நேரம் அப்படியேதான் இருக்கும், ரெண்டுல எது போனாலும் ரெண்டுல இருக்கறதும் போயிடும். எஸ்எஸ்டி வந்த பிறகு வீட்டு மெஷின்ல அதுக்கு வேலையே இல்ல.

நாலாம் படி: கழட்டி வைக்கற டிஸ்க்

வேகத்த பத்தி பேசற இடத்துல இது எதுக்குன்னு கேக்கலாம். வேகமா ஓடற எஸ்எஸ்டி பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாம போகும், நேத்து நல்லா இருந்துச்சு, இன்னிக்கு பயாஸ்ல பேரே இல்லங்கற மாதிரி. ஹார்ட் டிஸ்க்காவது கொஞ்ச நாள் முனகிட்டுத்தான் போகும். அதனால யூஎஸ்பில மாட்டற ஒரு டிஸ்க் தனியா வேணும், வாரம் ஒரு தடவ முக்கியமானத காப்பி பண்ணிட்டு கழட்டி வச்சிடணும். மாட்டியே வச்சிருந்தா வைரஸ் வந்தா அதையும் சேர்த்து பூட்டிட்டு போகும். ரெய்டு 1 இருக்கு, ரெண்டு டிஸ்க்லயும் ஒரே டேட்டா இருக்கு, அது பேக்கப்தானேன்னா இல்ல, நீங்க தவறி ஒரு ஃபோல்டர அழிச்சா ரெண்டுலயும் அதே செகண்ட்ல அழியும். பேக்கப்புக்கு எஸ்எஸ்டியும் வேணாம், கரண்ட் இல்லாம வருஷக்கணக்குல கிடந்தா அதுல இருக்கற தகவல் மங்க ஆரம்பிக்கும், பரண்ல போடறதுக்கு ஹார்ட் டிஸ்க்தான் சரி.

அஞ்சாம் படி: மாட்டறது

ஷட் டவுன் பண்ணி, பின்னாடி பிளக்கயே உருவிட்டு, பவர் பட்டன ஒரு தடவ அழுத்தினா மிச்சம் இருக்கற கரண்ட் இறங்கிடும். கேபினட்டோட இரும்ப ஒரு தடவ தொட்டுட்டு வேலைய ஆரம்பிங்க.

எம்.2 கார்ட சாய்வா சொருகணும், சொருகி விட்டதும் தானா மேல தூக்கிக்கிட்டு நிக்கும், அது சரிதான், மெதுவா கீழ அழுத்தி அந்த பொடி ஸ்க்ரூவ போடுங்க. ஸ்க்ரூவுக்குக் கீழ ஒரு குட்டி தூண் இருக்கணும், இல்லன்னா கார்டு வளைஞ்சு உக்காரும். சூட்ட இழுக்கற ஹீட்சிங்க மேல மாட்டறீங்கன்னா அதுக்குக் கீழ இருக்கற பேட்ல ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், அத உரிச்சிட்டு மாட்டுங்க, உரிக்காம மாட்டி சூடு ஏறுதுன்னு புலம்பறவங்க ஏராளம். எஸ்எஸ்டி மேல இருக்கற கம்பெனி ஸ்டிக்கர மட்டும் உரிக்காதீங்க, வாரண்டி போயிடும். ரெண்டு மூணு ஸ்லாட் இருந்தா பிராசசருக்கு பக்கத்துல இருக்கறதுல சிஸ்டம் டிஸ்க்க போடுங்க, பெரும்பாலும் அதுதான் பிராசசரோட நேரடியா பேசும்.

3.5 இன்ச் ஹார்ட் டிஸ்க்க ஸ்க்ரூ போட்டு இறுக்கி வைங்க, கேபினட் தரையில சும்மா கிடத்தாதீங்க, ஓடும்போது அசைஞ்சா அதுக்கு ஆகாது. ரெண்டு டிஸ்க் இருந்தா நடுவுல ஒரு டிஸ்க் வைக்கற இடத்த காலி விடுங்க, முன் ஃபேன் காத்து அது மேல படட்டும்.

இப்ப சொல்றத தயவு செஞ்சு ரெண்டு தடவ படிங்க. கேபிள் கழட்டி மாட்டற வகை பவர் சப்ளைன்னா, அதோட பெட்டில வந்த கேபிள மட்டும் பயன்படுத்துங்க. டிஸ்க் பக்கம் பின் எல்லாத்துலயும் ஒண்ணுதான், ஆனா பவர் சப்ளை பக்கம் கம்பெனிக்கு கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடல், மாறும். வேற பவர் சப்ளையோட கேபிள் அழகா உள்ள போகும், ஆன் பண்ணதும் 5 வோல்ட் போக வேண்டிய இடத்துல 12 வோல்ட் போயி அதுல மாட்டியிருக்கற எல்லா டிஸ்க்கும் ஒரே நொடில கருகிடும். அதே மாதிரி மோலெக்ஸ்ங்கற பழைய நாலு பின் பவர் கனெக்டர்ல இருந்து சாட்டாவுக்கு மாத்தற அடாப்டர்ல, ஒயர சேர்த்து பிளாஸ்டிக்க உருக்கி வார்த்த வகைய தொடாதீங்க, உள்ள ஒயர் ஒண்ணோட ஒண்ணு உரசி தீப்பிடிச்ச கதை உண்டு.

ஆறாம் படி: விண்டோஸ் போடறது

புது எஸ்எஸ்டில விண்டோஸ் போடும்போது மத்த எல்லா டிஸ்க்கோட கேபிளையும் கழட்டி வச்சிடுங்க. இத நான் பட்டு தெரிஞ்சுக்கிட்டேன். ஒரு தடவ பழைய ஹார்ட் டிஸ்க்கையும் மாட்டி வச்சுக்கிட்டே எஸ்எஸ்டில விண்டோஸ் போட்டேன், எல்லாம் பறந்துச்சு, ஆறு மாசம் சந்தோஷமா ஓட்டினேன். அப்புறம் பழைய டிஸ்க் எதுக்குன்னு கழட்டினேன் பாருங்க, பூட் டிவைஸ் இல்லன்னு கருப்பு ஸ்கிரீன். விண்டோஸ் எஸ்எஸ்டில இருந்துச்சு, ஆனா அத எழுப்பி விடற பூட் பார்ட்டிஷன், ஏற்கனவே பழைய டிஸ்க்ல இருந்ததயே எடுத்துக்கிட்டு அங்கயே போயி உக்காந்துடுச்சு. ஒரு ராத்திரி முழுக்க போச்சு. ஒரே ஒரு டிஸ்க் மட்டும் மாட்டியிருந்தா அது வேற எங்கயும் போக முடியாதுல்ல.

பயாஸ்ல பூட் ஆகற முறை யூஇஎஃப்ஐ மோடுல (பழைய பயாஸ் முறைக்கு பதிலா வந்த புது முறை) இருக்கான்னு பாருங்க, சாட்டா செட்டிங் ஏஹெச்சிஐல (விண்டோஸ் டிஸ்க்கோட பேசற சாதாரண முறை) இருக்கட்டும். டிஸ்க்ல பார்ட்டிஷன் கணக்க எழுதி வைக்கற முறை ஜிபிடி வகையா இருக்கணும், பழைய எம்பிஆர் வகைல 2 டிபிக்கு மேல இருக்கற இடம் கணக்குலயே வராது. இன்ஸ்டால் பண்ற ஸ்கிரீன்ல டிஸ்க்கே தெரியலன்னா பெரும்பாலும் இன்டெல் மெஷினோட பயாஸ்ல விஎம்டின்னு டிஸ்க்கை கையாள்ற ஒரு செட்டிங் ஆன்ல இருக்கும், அத ஆஃப் பண்ணுங்க, இல்ல அதுக்கான டிரைவர பென்டிரைவ்ல வச்சு ஏத்துங்க. ஆனா ஏற்கனவே ஓடிக்கிட்டு இருக்கற விண்டோஸ்ல இந்த செட்டிங்க போயி மாத்தாதீங்க, அது பூட் ஆகாம நின்னுடும்.

புதுசா போட நேரமில்ல, பழசயே அப்படியே குளோன் பண்ணிக்கறேன்னாலும் சரிதான், குளோன்சில்லா மாதிரி இலவச டூல் இருக்கு. ரெண்டு விஷயம்: டிஸ்க்கை பூட்டி வைக்கற பிட்லாக்கர் ஆன்ல இருந்தா ரெக்கவரி கீய வேற இடத்துல எழுதி வச்சுக்கிட்டு ஆரம்பிங்க, குளோன் முடிஞ்சதும் முதல் பூட்ட புது டிஸ்க் மட்டும் மாட்டிட்டு பண்ணிப் பாருங்க. பழைய டிஸ்க்க ரெண்டு வாரத்துக்கு ஃபார்மட் பண்ணாதீங்க, அப்படியே கிடக்கட்டும்.

விண்டோஸ் வந்ததும் மத்த டிஸ்க்க மாட்டுங்க. புது ஹார்ட் டிஸ்க் மை கம்ப்யூட்டர்ல தெரியாது, பயப்படாதீங்க, ஸ்டார்ட் பட்டன்ல ரைட் கிளிக் பண்ணி டிஸ்க் மேனேஜ்மென்ட் போனா அங்க கருப்பு பட்டையோட இருக்கும், ஜிபிடின்னு சொல்லி இனிஷியலைஸ் பண்ணி, என்டிஎஃப்எஸ்ல ஃபார்மட் பண்ணி ஒரு எழுத்து கொடுத்தா வந்துடும். எந்த டிஸ்க்க ஃபார்மட் பண்றோம்னு சைஸ வச்சு மூணு தடவ சரி பாருங்க.

ஏழாம் படி: எதை எங்க வைக்கறது

சி டிரைவ்ல விண்டோஸ், சாஃப்ட்வேர், பிரௌசர், இப்ப ஆடற கேம். டி டிரைவ்ல போட்டோ, வீடியோ, டவுன்லோட். டவுன்லோட், பிக்சர்ஸ், வீடியோஸ் ஃபோல்டர ஒவ்வொண்ணா ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்ட்டீஸ்ல லொகேஷன்னு ஒரு டேப் இருக்கும், அங்க புது இடத்த கொடுத்தா விண்டோஸே நகர்த்திக்கும். கொடுக்கும்போது வெறும் டி டிரைவ்னு மட்டும் கொடுக்காதீங்க, டிக்குள்ள பிக்சர்ஸ்னு ஒரு ஃபோல்டர் போட்டு அத காட்டுங்க, இல்லன்னா மொத்த டிரைவும் பிக்சர்ஸ் ஃபோல்டரா மாறிடும், அத பழைய நிலைக்கு கொண்டு வர்றது தலைவலி. ஸ்டீம்ல செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் போனா ரெண்டாவது லைப்ரரி சேர்க்கலாம், முடிச்ச கேமை ஹார்ட் டிஸ்க்குக்கு தள்ளிட்டு ஆடற கேமை எஸ்எஸ்டிக்கு கொண்டு வரலாம், திரும்ப டவுன்லோட் பண்ண வேணாம்.

வீடியோ எடிட் பண்றவங்க கேஷ் ஃபோல்டர (எடிட்டிங் சாஃப்ட்வேர் தற்காலிகமா எழுதற இடம்) கண்டிப்பா எஸ்எஸ்டில வைங்க. மூல வீடியோ ஹார்ட் டிஸ்க்ல இருந்தா, எக்ஸ்போர்ட் ஆகற ஃபைல வேற டிஸ்க்ல எழுதச் சொல்லுங்க, ஒரே ஹார்ட் டிஸ்க்ல படிக்கவும் எழுதவும் சொன்னா மறுபடியும் அந்த ஹெட் ஓட்டம்தான்.

எஸ்எஸ்டில 15, 20 சதவீதம் எப்பவும் காலியா இருக்கட்டும், நிறைஞ்சா அந்த வேகமான தற்காலிக இடம் சுருங்கும்னு மேல சொல்லியாச்சு.

எட்டாம் படி: அப்பப்ப ஒரு பார்வை

டீஃபிராக், அதாவது சிதறிக் கிடக்கற ஃபைல் துண்டுகள ஒண்ணா அடுக்கறது, ஹார்ட் டிஸ்க்குக்கு மட்டும். எஸ்எஸ்டிக்கு அதால லாபம் இல்ல, தேவையில்லாம எழுதறதுதான் மிச்சம். விண்டோஸுக்கே எது எதுன்னு தெரியும், வாரத்துக்கு ஒரு தடவ எஸ்எஸ்டிக்கு டிரிம் (அழிச்ச ஃபைல் இருந்த இடம் காலின்னு சொல்ற தகவல்) அனுப்பும், ஹார்ட் டிஸ்க்க அடுக்கி வைக்கும், நீங்க வேற சாஃப்ட்வேர் எதுவும் போட வேணாம்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச டூல் இறக்கி வச்சுக்கோங்க, மாசத்துக்கு ஒரு தடவ திறந்து பாத்தா போதும். எஸ்எஸ்டில ஹெல்த் சதவீதம், சூடு, அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க்ல மூணு வரி: 05, சி5, சி7. 05ங்கறது கெட்டுப் போன இடத்துக்கு பதிலா வேற இடம் ஒதுக்கின எண்ணிக்கை, சி5ங்கறது கெட்டுப் போச்சான்னு சந்தேகத்துல நிக்கற இடங்கள். இந்த ரெண்டும் சீரோவ விட்டு ஏறிக்கிட்டே போச்சுன்னா அன்னிக்கே டேட்டாவ எடுத்துட்டு அந்த டிஸ்க்க ஓரம் கட்டுங்க, ஃபார்மட் பண்ணா சரியாகும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. சி7 மட்டும் ஏறுதுன்னா பெரும்பாலும் டிஸ்க் மேல தப்பே இருக்காது, சாட்டா கேபிள்தான் லூசா இருக்கும் இல்ல பழசாயிருக்கும், கேபிள மாத்திட்டு அந்த எண்ண ஒரு துண்டுப் பேப்பர்ல குறிச்சு வைங்க. அது திரும்ப சீரோவாகாது, அடுத்த மாசம் பாக்கும்போது அதே எண்ணுல நின்னா சரி.